முத்திரையும் கையும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்திற்குரிய உபந்நியாசம்)



அரிவாள் வாங்கச் செல்லும் குடியானவர், பிடியின் அழகைக் கண்டு மயங்குவதில்லை. அலகை விரலால் சுண்டி ஓசையைக் கேட்கிறார், கூரைத் தடவிப் பார்க்கிறார், கடைசியாக, "இது யார் அடித்தது?" என்று கேட்கிறார். இக்கேள்வியில் அடங்கியிருக்கும் பொருள் பெரிது. அதனை விளக்குதற்கு, இங்கிலாந்து தேசத்தில் ஷெபீல்டு நகரத்தில் வாழ்ந்த ஸ்டான் ஷா என்னும் கத்தித் தொழிலாளியின் வரலாறு மிகவும் ஏற்றதாகும்.

ஷெபீல்டு நகரம் ஐந்து ஆறுகள் பாயும் இடம். அவ்வாறுகளின் வேகத்தால் நீர்ச்சக்கரங்கள் சுழன்றன. அச்சக்கரங்கள் சாணைக்கற்களைச் சுழற்றின. சாணைக்குரிய கல்லும் அருகிலுள்ள குன்றுகளிலேயே கிடைத்தது. ஆகவே பல நூற்றாண்டுகளாகக் கத்தித் தொழில் அங்கே வேரூன்றி நின்றது. 1624ஆம் ஆண்டில் பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலம் அவ்வூர்க் கத்தித் தொழிலாளருக்கென ஒரு சங்கம் ஏற்பட்டது. அச்சங்கம் முக்கியமாக இரண்டு காரியங்களைக் கவனித்தது. ஒன்று, தொழிலாளர் தம் அலகில் பொறிக்கும் முத்திரையைப் பதிவு செய்து காத்தல். மற்றொன்று, தொழில் பழகும் பிள்ளைகளைப் பதிவு செய்து, அவர்கள் முறைப்படி பழகுமாறு பார்த்தல். முத்திரை பெயரைக் காக்கும். பழக்கம் கையைக் காக்கும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் தொழில் நில்லாது என்பதை அம்மக்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

1940ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசி அந்நகரத்தின் நடுப்பகுதியைப் பாழாக்கின. அதற்கு அடுத்த ஆண்டில், 14 வயதுச் சிறுவனாகிய ஷா, இபர்சன் குடும்பத்தார் நடத்திவந்த கத்திக் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தார். அக்கம்பெனியின் முத்திரை பிடில் வாத்தியம். அங்கே முதிய தொழிலாளரின் பக்கத்தில் அமர்ந்து, மடக்குக் கத்தி செய்யும் வேலையை அவர் பழகினார்.

மடக்குக் கத்தி பார்வைக்குச் சிறிது, வேலையோ பெரிது. அலகு, அதன் அடியை அழுத்திப் பிடிக்கும் எஃகு வில், உள்ளே இருபுறமும் உலோகத் தகடு, வெளியே மான்கொம்பு அல்லது முத்துச்சிப்பியாலாகிய பிடி ஆகிய இவையனைத்தையும் சிறு ஆணிகளால் இணைத்தல் வேண்டும். வில் கடினமாயிருந்தால் திறப்பவரின் நகம் ஒடியும். தளர்ந்திருந்தால் அலகு ஆடும். முத்துச்சிப்பியின் மேல் சுத்தியல் சற்றே பலமாக விழுந்தாலும் அது பிளந்துவிடும். ஆதலால் ஒரு கத்தியைப் பலமுறை இணைத்துப் பார்த்து, மீண்டும் பிரித்து, அரத்தால் மயிரிழையளவு ராவி, திரும்பவும் இணைத்தல் வேண்டும். துளையிடுவதற்கு ஷா கையாண்ட கருவிகளில் ஒன்று, நமது தச்சர்கள் வில்லும் கயிறும் கொண்டு இழுக்கும் துரப்பணத்தைப் போன்றதே.

இத்தகைய கத்திகளைத் தேடிச் சேகரிப்போர் பலர் உளர். அமெரிக்காவில் அவர்கள் தொகை மிகுதி. அவர்கள் பழம் வெட்டுவதற்காக இவற்றை வாங்குவதில்லை. கத்தியைக் கையிலெடுத்து வெளிச்சத்திற்கு நேரே பிடித்து, வில்லுக்கும் தகட்டுக்கும் இடையே ஒளி புகுகின்றதா என்று பார்ப்பர். அலகைத் திறக்கும்போதும் மூடும்போதும் எழும் ஓசையைச் செவி கொடுத்துக் கேட்பர். முதுகுப்புறத்தில் வில் மேடு பள்ளமின்றி அமைந்துள்ளதா என்று விரலால் தடவிப் பார்ப்பர். வில்லின் முதுகில் ஷா அரத்தாலேயே செதுக்கிய கொடியும் இலையும் போன்ற வேலைப்பாட்டை அவர்கள் பெரிதும் போற்றினர். அரிவாளைச் சுண்டிப் பார்க்கும் குடியானவரின் சோதனையும், ஆயிரக்கணக்கான மைலுக்கப்பால் உள்ள அவர்களுடைய சோதனையும் ஒன்றேயன்றோ!

ஆயினும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. கம்பெனியில் வேலை செய்த காலத்தில் ஷா செய்த கத்திகள் முதலாளியின் முத்திரையோடுதான் வெளிவந்தன. வாங்கியவர் அறிந்தது பிடில் முத்திரையை. செய்த கையை அல்ல. பின்னர் இயந்திரத்தில் மலிவாகச் செய்த கத்திகள் சந்தையில் நிறைந்தன. ஷெபீல்டின் பழைய கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின, அல்லது கைமாறின. ஷாவோ, தொழிலை விடாமல், சிறு பட்டறையொன்றில் தனியாக அமர்ந்து தம் பெயரிலேயே வேலை செய்தார். இவ்வாறு தனித்து வேலை செய்பவரை அவ்வூரார் 'லிட்டில் மெஸ்டர்', அதாவது சிறிய எஜமானர் என்பர். அதன் பிறகே சேகரிப்போர் அவரைப் பெயர் சொல்லித் தேடி வந்தனர். ஒரு கத்திக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 2017ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் எம்பயர் பதக்கம் அவருக்கு அளிக்கப்பெற்றது. 70 ஆண்டுகளுக்கு மேல் இத்தொழிலில் உழைத்த அவர், 2021ஆம் ஆண்டில் தமது 94ஆவது வயதில் காலமானார்.

புகழ் கிடைத்தது, பொருளும் கிடைத்தது, வாங்குவோருக்கும் குறைவில்லை. ஆனால் அவர் பழகிய காலத்தில் வரிசை வரிசையாகப் பட்டறைகள் இருந்த அந்நகரத்தில், அவர் மறைந்தபோது அவ்வேலை அறிந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. இதன் காரணம் யாது? கைத்தொழில் பழகும் பிள்ளை, விற்கத்தக்க பொருள் செய்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அவனுக்குச் சோறு போடுவார் யார்? அக்காலத்தில் அச்சுமையைக் கம்பெனி தாங்கிற்று. தனியே உட்கார்ந்து தன் கையால் பிழைக்கும் தொழிலாளியால் அதைத் தாங்குதல் அரிது. சேகரிப்போர் செய்து முடித்த கத்திக்கு விலை கொடுப்பர். பழகும் கைக்குக் கூலி கொடுப்பாரல்லர்.

ஒருவரால் தாங்க முடியாததைப் பலர் கூடித் தாங்குவதே கூட்டுறவு. ஊரிலுள்ள கொல்லருக்கு இரும்பும் கரியும் மொத்தமாக வாங்கிக் கொடுத்தல் சங்கத்தால் இயலும். சோதித்துத் தேறிய பொருளின் மேல் மட்டும் சங்கத்தின் முத்திரையோடு செய்தவரின் பெயரையும் பொறித்தல் இயலும். எல்லாவற்றிலும் மேலாக, பழகும் பிள்ளைக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் படிச்செலவு முன்பணமாகக் கொடுத்து, அவன் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு சிறுகச் சிறுகத் திரும்பப் பெறுதலும் இயலும்.

ஷா செய்த கத்திகள் சேகரிப்போரின் பேழைகளில் பத்திரமாயிருக்கும். அவற்றைச் செய்த கையை எப்பேழையிலும் வைத்துக் காக்க இயலாது. அதை மற்றொரு கையில்தான் வைத்துவிட்டுப் போதல் வேண்டும். ஆதலின் அடுத்த முறை பட்டறைக்குச் செல்லும்போது, "இதை அடித்தவர் யார்?" என்று கேட்பதோடு நில்லாமல், "இவரிடம் பழகுபவன் யார்?" என்றும் கேட்டு வருதல் ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையாகும்.