ஈட்டுக் கடனும் நாட்கணக்கும்

(திருத்தங்கலில் சிறுதொழில் செய்வோர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் திருத்தங்கலுக்குச் சோறு போடுகின்றன. சரக்கு அனுப்பிய பின் பணம் வந்து சேர மாதங்கள் ஆகும். ஆதலின் வீட்டை ஈடு வைத்துப் பாங்கில் கடன் பெறுகிறோம். கடன் பெறுதல் குற்றமன்று. தவணை தவறியபின் வரும் நோட்டீசைப் பெட்டியில் பூட்டிவிட்டு வாளாவிருத்தலே கேடு.

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக் கடன் ஆகிறது. அதன்பின் கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்ற, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் பாங்குக்கு அதிகாரம் அளிக்கிறது. கூட்டுறவு பாங்குகளுக்கும் இது பொருந்தும் எனச் சுப்ரீம் கோர்ட்டு 2020-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் இவ்வதிகாரம் வரம்பற்றதன்று.

முதலில் 60 நாள் அவகாசம் தந்து பாங்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கணக்கில் பிழையிருப்பின் அக்காலத்திலேயே ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்து ரசீது பெறுக. ஆட்சேபத்தை ஏற்காவிடில், பாங்கு 15 நாட்களுக்குள் காரணம் காட்டிப் பதில் எழுதியாக வேண்டும்.

சொத்தைக் கைப்பற்றும் நடவடிக்கை நடந்தால், 45 நாட்களுக்குள் மதுரையிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். முன்னர் இதற்குப் பாங்கு கோரும் தொகையில் முக்கால் பங்கைக் கட்டவேண்டும் என்றிருந்தது. கடன்தாரர்கள் தொடுத்த மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில், 2004-இல் சுப்ரீம் கோர்ட்டு அந்நிபந்தனையை நீக்கிற்று. நடவடிக்கை முறையற்றதெனக் கண்டால் சொத்தைத் திருப்பித் தருமாறு தீர்ப்பாயம் உத்தரவிடலாம். மனுப் போட்டதனால் மட்டும் ஏலம் நின்றுவிடாது. இடைக்காலத் தடையையும் கேட்டுப் பெறவேண்டும்.

முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கலாம் என்ற பேச்சை நம்பி நாட்களை இழக்கலாகாது. இச்சட்டத்தின் 34-ஆவது பிரிவு அவ்வழியைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பட்டாவில் புன்செய் என்றிருந்தால் போதாது, அதில் மெய்யாகவே சாகுபடி நடைபெறவேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என அஞ்சற்க. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.

வழக்கில் வென்றாலும் கடன் அழியாது என்பதை நாம் மறத்தலாகாது. ஏல அறிவிப்பு வெளியாகுமுன் நிலுவையையும் செலவையும் கட்டினால் சொத்து மீளும். ஆகவே, நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை அதன் மீதே குறித்து வையுங்கள். அன்றிலிருந்து நாட்களை எண்ணுங்கள்.