புது முகத்துவாரம்

கோவிலம்பாக்கத்தில் கொட்டும் மழை எங்கே போகிறது? கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு. அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். வழியில் ஓரிடம் தூர்ந்தாலும் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். 2015-ல் தென்சென்னை அதை அனுபவித்தது.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கும் இதே நோய்தான். ஆறுகள் கொண்டுவந்த மண் கடலுக்கான வழியை அடைத்தது. உப்பு குறைந்து களை மண்டியது, மீன்வளம் சரிந்தது. 2000 செப்டம்பரில் சிலிகா வளர்ச்சி ஆணையம் மணல்திட்டை வெட்டிப் புது முகத்துவாரம் திறந்தது. கடல்நீரோடு இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் உள்ளே வந்தன. ஆண்டுக்குச் சுமார் 1,700 டன்னாக இருந்த மீன்பிடிப்பு, இரண்டே ஆண்டில் 12,000 டன்னை நெருங்கியது! 2002-ல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் ஆபத்துப் பட்டியலிலிருந்தும் சிலிகா நீங்கியது.

பள்ளிக்கரணையும் 2022 முதல் ராம்சார் தலம்தான். அதன் நீர்வழியையும் தூர்வார வேண்டும்.

ஆனால் சதுப்பையே ஆழமாகத் தோண்டிவிடக் கூடாது. முழங்கால் அளவு நீரும் கோரைப்புல்லும் இருந்தால்தான் நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் அங்கே இடம். தூர்வார வேண்டியவை மடுவும் கால்வாய்களும்தான்.

கோவிலம்பாக்கத்து நேயர்களே, தெருவோர மழைநீர்க் கால்வாயில் பிளாஸ்டிக் பையைப் போடாதீர்கள். அடுத்த மழையில் அது சதுப்புக்குத்தான் போய்ச் சேரும்.