லைனருக்கு அடியில் ஒரு வேர்

பல்செட் துறையின் மூத்தோர் நிறைந்த கருத்தரங்கில் தலைமையிருக்கை கிடைத்தவருக்குப் பெருமையைவிடப் பதற்றமே கூடுதல். போதாததற்கு மேசைமேல் கடிகாரம் வேறு.

கருத்தரங்கின் பொருள், இயற்கைப் பல்வேர்களை விட்டுவைத்து அவற்றின்மேல் பொருத்தும் ஓவர்டென்ச்சரின் உட்புறம் ஒட்டும் படலங்களான லைனர்களின் ஒப்பீடு. அக்ரிலிக் மென்லைனரிலிருந்து அதற்கு மென்மை தரும் பிளாஸ்டிசைசர் எச்சிலில் கசிய, அது நாளடைவில் இறுகிவிடும். சிலிக்கோன் நெடுநாள் மென்மையாக இருக்கும். ஆனால் அக்ரிலிக் அடித்தளத்தோடு தானாக ஒட்டாது. விளிம்பு உரிந்தால் இடுக்கில் கேண்டிடா பூஞ்சை குடியேறும். இவை அவையோர் அறிந்தவை. எண்களைக் கட்டுரையாளர்கள் தருவார்கள்.

தலைவருக்குத் தீர்க்கவேண்டிய பழைய வழக்கு ஒன்று பாக்கியிருக்கிறது: ஓவர்டென்ச்சரைத் தாங்குவது வேரா, லைனரா?

ஓவர்டென்ச்சரின் வரலாற்றை மாரோவும் கூட்டாளிகளும் 1969இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவது நம்மில் சிலருடைய வழக்கம். ஆனால் இதே பொருளில் மில்லரின் கட்டுரை 1958லேயே வந்துவிட்டது. அதற்கும் நூறாண்டு முன்பு, 1856இல், லெட்ஜர் என்ற பிரிட்டிஷ் பல் மருத்துவர் வேர்களைப் பிடுங்காமல் அவற்றின்மேல் தகடு பொருத்துவதைப் பற்றி எழுதினார். அவரை எடுத்துப் படிப்பவர் குறைவு. பல்செட்டுக்கு அக்ரிலிக் வந்ததே 1930களில்தான். ஆக, இந்தச் சிகிச்சை பிறந்தபோது அக்ரிலிக் மென்லைனரும் இல்லை, சிலிக்கோனும் இல்லை; அதைத் தாங்கியது வேர்தான்.

1978இல் க்ரம், ரூனி இருவரும் வெளியிட்ட ஐந்தாண்டு ஆய்வு இதையே சொல்கிறது. கீழ்க் கோரைப்பற்களின் வேர்களை விட்டுவைத்தவர்களுக்குத் தாடையின் முன்பகுதியில் சராசரியாக 0.6 மில்லிமீட்டர் எலும்பு தேய்ந்தது. முழுப் பல்செட் அணிந்தவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். அந்த எலும்பைக் காத்தது வேர்.

மென்லைனர்தான் வேரைக் காக்கும் என்று பல மேடைகளில் வலியுறுத்திவந்த மதிப்பிற்குரிய நண்பர்கள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆய்வகத் திறமையில் ஐயமில்லை. ஆனால் சிலிக்கோன் ரப்பரை அழுத்தினால் அதன் கனஅளவு ஏறக்குறைய குறைவதே இல்லை. பக்கவாட்டில் பிதுங்க இடமிருந்தால்தான் அது வளைந்துகொடுக்கும். குவிந்த வேர்மூடிக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே மெல்லிய படலமாக அடைபட்டால் அழுத்தத்தை அது எப்படித் தணிக்கும்? மென்மை பயன்தர 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். அவ்வளவு அக்ரிலிக்கைக் குடைந்தெடுத்தால், ஏற்கெனவே மெலிந்த இடமான வேருக்கு நேர்மேலேயே பல்செட் விரிசல் விடும்.

தட்டையான அக்ரிலிக் துண்டில் லைனரை ஒட்டி, 37 டிகிரி நீரில் ஊறவைத்து, இழுத்துப் பார்த்த விடையை அப்படியே வாய்க்குள் கொண்டுபோவதில்தான் வழக்கே. அந்தத் துண்டில் வேர் இல்லை, ஈறு விளிம்பு இல்லை, பல்செட்டைக் கழற்றாமலே தூங்கும் முதியவரும் இல்லை. ஓவர்டென்ச்சருக்கு அடியிலுள்ள வேர்கள் போவது பெரும்பாலும் சொத்தையாலும் ஈறு நோயாலும்.

கூர்மையாகத் தேய்ந்த எலும்பு முகட்டில் மென்லைனருக்கு இடமுண்டு; அதை மறுக்கவில்லை. வேரின் தலையில் கடின அக்ரிலிக் அமரட்டும், ஈறு விளிம்பைச் சுற்றி இடைவெளி இருக்கட்டும் என்பதே தலைவரின் கட்சி.

கட்டுரை வாசிக்க வருவோருக்கு ஒரு வேண்டுகோள்: லைனரின் ஒட்டுவலிமையைச் சொல்லும்போது, அதற்கு அடியிலிருந்த வேர்களில் எத்தனை மிஞ்சின என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறுப்பவர்களுக்கு முதல் அமர்விலேயே நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.