கம்பனுக்கு நூறு, மலைப் பிள்ளைக்குப் பூஜ்ஜியமா?

(தலைப்பு: பழங்கதைகளைப் புதிதாகச் சொல்வது காப்பியங்களை வளர்க்கிறதா, சிதைக்கிறதா? ஜமுனாமரத்தூர் பட்டிமன்றத்தில் ‘வளர்க்கிறதே’ என்ற அணிக்காகப் பேசியது.)

போர்வையைப் போர்த்திக்கொண்டு தமிழ் கேட்க வந்திருக்கிற ஜவ்வாது மலைப் பெருமக்களே!

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “மூலத்திலே கை வைக்காதே. காக்கா வாயைத் திறந்துச்சு, வடை விழுந்துச்சு; அவ்வளவுதான் கதை” என்றார். ஐயா, உங்க பேத்திகிட்ட அதைச் சொல்லிப் பாருங்க. “காக்கா வடையைக் கால்ல இடுக்கிக்கிட்டுப் பாடுச்சு தாத்தா” என்பாள். (சிரிப்பு) அவள் கதையைச் சிதைக்கவில்லை. காக்காவைக் காப்பாற்றியிருக்கிறாள்! (கைதட்டல்)

சரி, காப்பியத்துக்கு வருவோம். அகலிகை கல்லானாள் என்று நமக்குத் தெரியும். வால்மீகியைப் புரட்டிப் பாருங்கள். அங்கே அவள் கல்லாகவில்லை! காற்றை உண்டு, சாம்பலிலே கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் தவம் இருக்கிறாள். ஆனால் நம் பரிபாடலில், திருப்பரங்குன்றத்து ஓவியத்திலே அவள் கல்லாகியிருக்கிறாள். கம்பனும் கல் என்றே பாடினான். 1943-இல் புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ எழுதினார். சாபம் தீர்ந்த அகலிகை, சீதை தீக்குளித்த சேதியைக் கேட்டு மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். ஒரே கதை. ஒவ்வொரு காலமும் தன் கேள்வியை அதற்குள்ளே வைத்தது. இதையெல்லாம் வகுப்பிலே பெருமையாகச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அப்படிப்பட்ட நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

நான் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. இந்த மலையிலிருந்து ஒரு பையன் படிக்க வந்தான். தேர்விலே ‘பீமனின் பெருமைகளை எழுதுக’ என்று கேட்டிருந்தேன். அவன் என்ன எழுதினான் தெரியுமா? “காட்டுல இருந்த இடும்பியைக் கட்டிக்கிட்டு, ஒரு பிள்ளையைக் கொடுத்துட்டு பீமன் போயிட்டான். சண்டைன்னு வந்ததும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாங்க. அது செத்துச்சு. எங்க மலையில பீமன் பேர்ல அருவி இருக்கு. இடும்பி பேர்ல எதுவும் இல்ல. அந்தத் தண்ணி அவ அழற கண்ணீர்தான்.”

‘மூலத்தில் இல்லை’ என்று சிவப்பு மையிலே எழுதிப் பூஜ்ஜியம் போட்டேன். அந்தப் பையன் அதற்கப்புறம் என் வகுப்பிலே வாயே திறக்கவில்லை.

பல வருஷம் கழித்து வியாச பாரதத்தை மறுபடி படித்தேன். பதினான்காம் நாள் இரவு. அர்ச்சுனனுக்காகக் கர்ணன் வைத்திருந்த சக்தி ஆயுதம் கடோத்கசன் மேலே பாய்கிறது. பாண்டவர்கள் அழுகிறார்கள், கண்ணன் மகிழ்ந்து ஆடுகிறான், அர்ச்சுனன் பிழைத்தான் என்று! காட்டிலே இருந்த தாய் என்ன ஆனாள்? தேடினேன். அங்கே அவள் அழுகைக்கு இடமில்லை. அந்த இடத்தைத்தானே என் மாணவன் நிரப்பினான்? ஊருக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டு மலையிலே காத்திருக்கிற தாயை அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

கல்லாக்கிப் பாடிய கம்பனுக்கு நூறு மார்க். கண்ணீரைக் கண்ட மலைப் பிள்ளைக்குப் பூஜ்ஜியம். இது என்ன நியாயம் நடுவர் அவர்களே?

இன்று காலை அந்தப் பீமன் அருவிக்குப் போய் நின்றேன். என் காதிலே இடும்பிதான் கேட்டாள். தம்பி, நீ எங்கே இருக்கிறாயோ! உன் மலையிலே நின்று சொல்கிறேன்: அந்தப் பூஜ்ஜியத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது எனக்குரிய மார்க்!

(பலத்த கைதட்டல்)