கூலியும் கூலிக்கு அப்பாலும்

(கலசப்பாக்கத்தில் நடைபெற்ற விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செய்யாற்றங்கரையில் அமைந்த இக்கலசப்பாக்கத்திலும் ஆரணியைச் சூழ்ந்த ஊர்களிலும் விடியற்காலையில் நெசவுத் தெருவில் நடப்பவர் காதில் விழுவது தறியின் ஓசை. அந்த ஓசை ஆண்டுக்காண்டு மெலிந்து வருகிறது. திருமண நாள்களில் பட்டுக்கடையில் கூட்டம் குறைந்தபாடில்லை. தறியில் அமர மட்டும் இளைஞர் முன்வருவதில்லை. நெல் அரவை ஆலை நடத்துபவரும், துணிக்கடை வைத்திருப்பவரும், நம் குடும்பங்களில் பெரும்பாலோர் சார்ந்திருக்கும் உழவுத் தொழிலில் இருப்பவரும் ஒரே குறையைத்தான் சொல்கின்றனர்: "ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை." ஆள் ஏன் நிலைப்பதில்லை என்பதை ஆளின் பக்கம் நின்று எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

குழித்தறியில் கால்களை இறக்கி அமரும் நெசவாளர் ஒரு பட்டுச் சேலையை முடிக்கப் பல நாள்கள் ஆகும். வேலைப்பாடு மிகுந்தால் வாரங்களும் ஆகும். பாவு பிணைப்பது, தார் சுற்றுவது, அறுந்த இழையைத் தேடி முடிவது என நெய்வதற்கு முன்னும் பின்னும் உள்ள பாடு தனி. நெய்து முடித்த சேலையை அறுத்து, மடித்து, முதலாளியின் வீட்டுக்கு அவர் எடுத்துச் செல்கிறார். முதலாளி அதை வெளிச்சத்தில் விரித்து, விரலால் தடவிப் பழுதைத் தேடுகிறார். ஓரிடத்தில் இழை விட்டிருந்தால் கூலியில் கழிவு. பழுது இல்லையென்றால் பேச்சும் இல்லை. பணத்தை எண்ணிக் கொடுத்து அடுத்த பாவை எடுத்து வைக்கிறார். பழுது பார்ப்பது முதலாளியின் கடமை; அதைக் குறைகூற இயலாது. ஆயினும் பல்லாயிரம் முறை நாடா ஓடியதில் ஓரிடம் தவறியதற்கு வாய் திறப்பவர், மற்ற இடமெல்லாம் தவறாமல் ஓடியதற்கு ஏன் வாய் திறப்பதில்லை?

பாராட்டு என்றதும் ஆண்டுக்கொருமுறை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது பலர் நினைவுக்கு வருகிறது. நெசவாளருக்குப் பொன்னாடை போர்த்துவதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவர் நெய்யாத ஆடையா? அவர் எதிர்பார்ப்பது வேறு. கரையும் உடலும் சேருமிடத்தில் விரலை வைத்து, "இந்த இணைப்பு எங்கும் பிசகாமல் வந்திருக்கிறது" என்று தொழில் அறிந்தவர் சொல்லும் ஒரு சொல் போதும். "நன்றாக இருக்கிறது" என்னும் பொதுச் சொல்லை யாரும் எவருக்கும் சொல்லிவிடலாம். எது நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்குச் சேலையைப் பார்த்திருக்க வேண்டும். நெய்தவரையும் பார்த்திருக்க வேண்டும்.

திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்னும் 52ஆம் அதிகாரத்தை மேடைதோறும் எடுத்துக்காட்டுகின்றனர். ஒரு செயலை முடிக்கத் தக்கவனை ஆராய்ந்து, அதை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்னும் கருத்து பலருக்கும் மனப்பாடம். அக்குறளுக்கு இரண்டு பாடல் தள்ளி வருவதை எடுத்துரைப்போர் குறைவு. தன் வினையில் ஓயாது முயல்பவன் உரிமையோடு பழகும்போது, அக்கேண்மையைத் தவறாக எண்ணும் தலைவனை விட்டுத் திருமகள் நீங்குவாள் என்பது அதன் கருத்து. வேலையாள் சற்றே உரிமையோடு பேசினால் தலைமேல் ஏறிவிடுவான் என்று அஞ்சுகிற வீடுகளுக்கு அந்தப் பாடல் தேவைப்படுகிறது. அதனை அடுத்து 'சுற்றந்தழால்' அதிகாரம் வைக்கப்பட்டிருப்பதும் எண்ணத் தக்கது.

நம் அறநூல் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அத்தியாயத்தில், இல்லறத்தாரின் அகிம்சை அணுவிரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்தினை எண்ணிக் காட்டுகிறது: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். முதல் மூன்றையும் நம்மவர் எவரும் செய்வதில்லை என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். கடைசி இரண்டினைப் பற்றி அவ்வளவு விரைந்து சொல்ல இயலுமா? துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை செய்யும் பெண்கள் உட்கார ஒரு இருக்கை தர வேண்டும் என்பதற்குக் கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டமன்றம் கூட வேண்டியதாயிற்று.

இவ்விடத்தில், சமணக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சற்று விரிவாகக் கூறுவது பொருந்தும். அகமதாபாத்தின் ஆலைச் செல்வர் குடும்பத்தில் 1885இல் பிறந்த அனசூயா சாராபாய், இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். பதின்மூன்றாம் வயதில் திருமணம் செய்விக்கப்பட்டு, அவ்வாழ்க்கை நிலைக்காமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். தம்பி அம்பாலால் சாராபாயின் துணையால் 1912இல் இங்கிலாந்துக்குச் சென்று மருத்துவம் கற்க முனைந்தார். உயிரினங்களை அறுத்துப் பயிலும் பாடம் தம் சமண நெறிக்கு ஒவ்வாததால் அதனைக் கைவிட்டுச் சமூகவியல் பாடங்களைக் கற்றார். நாடு திரும்பியபின் ஆலைத் தொழிலாளரின் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார்.

ஒரு நாள் காலை, பெண் தொழிலாளர் சிலர் தள்ளாடியபடி வருவதைக் கண்டு காரணம் கேட்டார். 36 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்துவிட்டுத் திரும்புவதாக அவர்கள் சொன்னார்கள். அறுத்துப் பயில்வதைப் பொறாத அந்த நெஞ்சு இதனைப் பொறுக்கவில்லை. உயிர்வதை ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடப்பதில்லை என்பதை அவருக்கு உணர்த்தியது அந்தக் காலைப்பொழுதுதான்.

1917இல் அகமதாபாத்தில் கொள்ளைநோய் பரவித் தொழிலாளர் ஊரைவிட்டு ஓடத் தொடங்கினர். அவர்களை நிறுத்தி வைக்க முதலாளிகள் கூலியோடு கணிசமான மிகுதொகை கொடுத்தனர். நோய் தணிந்ததும் அதை நிறுத்தப் போவதாக அறிவித்தனர். உலகப்போரால் விலைவாசி ஏறியிருந்த காலம் அது. நெசவுப் பிரிவினர் 50 விழுக்காடு உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20க்கு மேல் இயலாது என்றனர். இருதரப்பையும் ஆராய்ந்த காந்தியடிகள் 35 விழுக்காடே முறை என்று கண்டார். 1918 பிப்ரவரி 22 அன்று ஆலைகள் அடைக்கப்பட்டன. முதலாளிகளின் முன்னணியில் நின்றவர் அம்பாலால். தொழிலாளரின் பக்கம் நின்றவர் அவருடைய தமக்கை அனசூயா.

அம்பாலால் கொடியவர் அல்லர். காந்தியடிகளிடம் மதிப்பும் அன்பும் கொண்டவர். தொழிலாளரிடம் தமக்கு இரக்கம் உண்டு என்று நம்பியவர். அந்த இரக்கத்துக்கும் 35 விழுக்காட்டுக்கும் இடையே இருந்த தொலைவைக் கடக்கத்தான் ஒரு போராட்டம் தேவைப்பட்டது. நல்ல முதலாளிகள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்பாகப் பேசுவதும், வீட்டு விசேடங்களுக்கு அழைப்பதும் உரிய கூலிக்கு மாற்றாக வைக்கப்படும்போது, வேலை செய்பவர் அந்த அன்பின் விலையைக் கணக்கிடத் தொடங்கிவிடுகிறார்.

உறவு என்பதன் உண்மையான சோதனையும் அப்போராட்டத்திலேயே நேர்ந்தது. சாபர்மதிக் கரையில் கருவேல மரத்தடியில் நாள்தோறும் மாலையில் தொழிலாளர் கூடினர். அனசூயாவின் பெயரால் துண்டறிக்கைகள் வெளிவந்தன. வேலையிழந்தவர்க்கு ஆசிரமத்தில் நெசவுப்பள்ளிக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு மணல் நிரப்பும் வேலை கொடுத்தபோது, ஆலை முதலாளியின் தமக்கையே தலையில் கூடை சுமந்து முன்னே நடந்தார். இருந்தும் நாள் செல்லச் செல்லப் பசி வென்றது. காந்தியும் அனசூயாவும் காரில் வந்து போகிறார்கள், நன்றாக உண்கிறார்கள். சாகும் வேதனை நமக்குத்தான் என்று சிலர் வாய்விட்டே சொல்லிவிட்டனர். செவிக்கு எட்டிய அச்சொல்லை நன்றிகெட்ட பேச்சென்று ஒதுக்க எவருக்கும் எளிது. காந்தியடிகள் அதில் உண்மை இருப்பதைக் கண்டார். மார்ச் 15 அன்று அவர் உண்ணாநோன்பைத் தொடங்கினார். சமரசப் பேச்சுக்கான இடமாக அனசூயாவின் இல்லமே அமைந்தது. மார்ச் 18 அன்று நடுவர் தீர்ப்புக்கு இருதரப்பும் இசைந்தன. பின்னர் தீர்ப்பும் 35 விழுக்காடாகவே அமைந்தது. 1920இல் உருவான தொழிலாளர் சங்கத்தோடு தம் வாழ்நாள் முழுவதும் இணைந்திருந்த அனசூயாவைத் தொழிலாளர்கள் 'மோட்டாபென்', அதாவது பெரியக்கா, என்றே அழைத்தனர். அழைப்பிதழில் அச்சடித்துப் பெறக்கூடிய பட்டம் அன்று அது. தம்பி எதிரணியில் நின்றும் அக்குடும்ப உறவு முறிந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கூலியும் ஓய்வும் உரியபடி கிடைத்த பிறகு, மேலும் ஒரு பசி எழுகிறது. 'என் வேலை யாருக்குப் பயன்படுகிறது?' என்னும் கேள்வி அது. இதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தக்க சான்று. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு அதனைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணியிருந்த அவர், அவ்விரல்களுக்கு ஏற்பக் கருவிகளைப் பிடிக்கப் பழகி அறுவை மருத்துவம் செய்தார். தடுக்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதே அவர் வகுத்த நோக்கம். சிற்றூர்களிலிருந்து பள்ளிப்படிப்பை முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்து, மருத்துவருக்குத் துணையாகும் பணிகளை ஒப்படைக்கும் முறை அங்கு வேரூன்றியது. நோயாளிகளை அழைத்து வருவதும், பார்வையைச் சோதிப்பதும், அறுவைக்கு ஆயத்தம் செய்வதும் அவர்கள் பொறுப்பு. கட்டு அவிழ்த்த கிழவி தன் பேரனின் முகத்தைப் பார்க்கும்போது அருகில் நிற்பவளும் அத்தகைய ஒரு பெண்ணே. நோக்கத்தைச் சுவரில் எழுதி மாட்டும் நிறுவனங்கள் பல. அதை ஊழியரின் கண்முன் நிகழச் செய்யும் நிறுவனங்கள் சில.

நெசவாளர்க்கு அந்தக் காட்சி எளிதில் வாய்ப்பதில்லை. கலசப்பாக்கத்தில் நெய்த சேலையை எந்த ஊர் மணப்பெண் உடுத்தினாள் என்பது தறியில் இருப்பவருக்குத் தெரியாது. அவளுக்கும் இவரைத் தெரியாது. 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம், நெய்தவரின் படத்தையும் பெயரையும் தாங்கிய அட்டையைப் பட்டுச் சேலைகளுடன் வைத்து விற்ற முயற்சி இவ்வகையில் போற்றத்தக்கது. அச்சிடும் செலவு சொற்பம். சேலையை வாங்குபவர் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனித முகத்தைக் காண்கிறார். பட்டுக்கடை நடத்தும் நம்மவர் இதனைப் பின்பற்ற எவர் அனுமதியும் தேவையில்லை. நெய்தவரின் ஒப்புதல் ஒன்று போதும். மணமக்கள் அச்சேலையோடு எடுத்த படம் ஒன்றை அவர் வீட்டுக்கு அனுப்பி வைக்கவும் இன்று கைப்பேசி இருக்கிறது.

அட்டை எழுதும்போது ஒன்றை மறக்கலாகாது. தறியில் அமர்ந்தவர் ஒருவர். அதே வீட்டில் தார் சுற்றியவர் அவர் மனைவியாகவோ தாயாகவோ இருப்பார். பாவு பிணைத்தவர் வேறொருவராக இருப்பார். கூலிப் பணத்தை எண்ணி வாங்கும் கை ஒன்றே ஆதலால் மற்றவர் பெயர் முதலாளிக்கு ஒருபோதும் தெரியாமலே போய்விடுகிறது. வரும் கூலி நாளில், சேலையை விரித்துப் பழுது பார்க்கும் முன், "தார் சுற்றியது யார்?" என்று கேட்டால், அந்த வீட்டின் உள்ளிருந்து ஒரு பெயர் வரும்.