வட்டம் வட்டமாக வருவதற்கு



கடைவீதியில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி என்று பலகை மாட்டிய ஒரு கூடத்தினுள் நுழைந்து, நிமிஷத்துக்கு எண்ணூறு தையல் என்ற வேகத்தில் ஊசி ஏறி இறங்க, ஃபிரேமில் இழுத்து மாட்டிய துணி தானாகவே முன்னும் பின்னும் நகர்ந்து கொடுக்க, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மாங்காய்ப் புட்டா பூர்த்தியாவதைக் காணும் எவருக்கும், இங்கே மனிதனுக்கு என்ன வேலை என்ற ஐயம் எழுவது இயல்பே. கைவேலையின் ஜீவன் இதில் ஏது என்று கேட்கும் ரசிகர்களின் அபிப்பிராயமே நெடுநாள் என்னுடையதாகவும் இருந்தது. சித்திரத்தைக் கணினியில் தையல்களாக வகுத்து அமைக்கும் பஞ்சிங் வேலை செய்யும் ஒருவரின் அருகில் அமர்ந்து ஒரு மாலைப்பொழுது முழுவதும் அவருடைய வேலையைக் கவனித்த பிறகு அதை நான் மாற்றிக்கொண்டேன்.

பஞ்சிங் என்ற சொல்லுக்கே ஒரு சரித்திரம் உண்டு. 1828-ஆம் ஆண்டில் முல்ஹவுஸ் நகரத்து ஜோசுவா ஹெயில்மன் அமைத்த பூவேலை யந்திரத்தில், பெரிதாக வரைந்த சித்திரத்தின் கோடுகள்மீது தொழிலாளி ஒரு முள்ளை நகர்த்த, வரிசையாக நின்ற ஊசிகள் யாவும் அதே சித்திரத்தைச் சிறிதாகத் துணியில் இட்டன. 1863-இல் ஸ்விட்ஜர்லாந்தின் ஐசக் குரோப்ளி, தோணி வடிவான நாடாவினால் அடிநூலையும் சேர்த்துத் தைக்கும் யந்திரத்தைத் தந்தார். பிற்பாடு, முள்ளை நகர்த்திய கையின் ஸ்தானத்தைத் துளையிட்ட காகிதச் சுருள் பெற்றது. அச்சுருள் மறைந்து கணினி வந்துவிட்ட இந்நாளிலும், துளையிடுதலைக் குறிக்கும் பஞ்சிங் என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

காகிதத்தில் வரைந்த வட்டம் என்றும் வட்டமாகவே இருக்கும். துணியில் அப்படி நிற்பதில்லை. ஒவ்வொரு தையலும் தன் இரு முனைகளுக்கிடையே துணியைச் சற்றே இழுத்து இறுக்குகிறது; ஒரு தையலின் இழுப்பு மயிரிழை அளவே ஆயினும், நூற்றுக்கணக்கான தையல்கள் ஒரே திசையில் அடுத்தடுத்துப் படுக்கும்போது, அவ்விழுப்புகளெல்லாம் சேர்ந்து வட்டத்தை ஒடுக்கி முட்டை வடிவாக்கிவிடுகின்றன. ஆகையால் பஞ்சிங் அறிந்தவர், எத்திசையில் துணி ஒடுங்குமோ அத்திசையில் வட்டத்தை வேண்டுமென்றே அகட்டி, திரையில் பிழையாகவே வரைகிறார். ஊசி இறங்கியதும் துணி அந்தப் பிழையைத் தானே திருத்திக்கொள்கிறது. அகட்ட வேண்டிய அளவோ, கெட்டியான பருத்திக்கு ஒன்று, நெகிழ்ந்து கொடுக்கும் பனியன் துணிக்கு மற்றொன்று. இன்னும் தைக்கப்படாத துணியின் சுபாவத்தை முன்கூட்டியே மனத்தில் கண்டு வரையும் இந்தத் திறனைச் சித்திரக்கலையின் ஒரு கிளை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

மேலே பளபளக்கும் தையலுக்கு அடியில், ஒருவர் கண்ணுக்கும் படாத அடித்தையல் ஒன்று, துணியையும் பின்னால் தாங்கலாக வைத்த பேப்பரையும் முதலில் பிணைக்கிறது. அதன்மேல் வரும் நிரப்புத் தையலில் வரிக்கு வரி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இடைவெளி. அதை மிகவும் நெருக்கினால் துணி பலகையாகும், அகட்டினால் அடியிலுள்ள நிறம் எட்டிப் பார்க்கும். எல்லாவற்றிலும் சூக்ஷ்மமானது தையலின் திசை. ரேயான் நூல் ஒளியைத் தன் போக்கிற்கேற்பத் திருப்புவதால், ஒரே நீல நூற்கண்டைக்கொண்டு, இறகுக்கு இறகு திசையை மாற்றி, மயிற்கழுத்தில் இரண்டு மூன்று நீலங்களைத் தோற்றுவிக்க இயலும்.

இவ்வளவும் இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதையும் அனுபவித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கலியாணம் ஒன்றிற்காக, ரவிக்கைக் கையில் தைக்கச் சொல்லி ஒரு மயிலின் புகைப்படத்தைக் கடையில் கொடுத்தோம். அங்கே படத்தை அப்படியே கணினியில் ஏற்றி, தையலாக மாற்றும் பொறுப்பையும் கணினியிடமே விட்டுவிட்டார்கள். நிழலும் ஒளியும் நூறு துண்டுகளாகச் சிதறி, ரவிக்கைக் கை விறைத்துச் சுருங்கி வந்தது. புகைப்படத்தை முதலில் ஒருவர் அமர்ந்து வரைந்திருக்க வேண்டும். நிறங்களைக் குறைத்து, மெல்லிய கோடுகளைத் தடிப்பாக்கி, எழுத்து இருந்தால் அதன் உயரம் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்து, நூலால் சொல்ல முடியாதவற்றைத் துணிந்து நீக்கியிருக்க வேண்டும்.

யந்திரத்தால் எட்ட முடியாத இடமும் உண்டு. நீலகிரியின் தோடர் குலப் பெண்கள், வெண்மையான முரட்டுத் துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணி, முன்வரைவு எதுவுமின்றிச் சிவப்பிலும் கறுப்பிலும் இடும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே துணியின் இழையே சித்திரத்தின் கட்டம். இழையை எண்ணாமல் துளைத்துச் செல்லும் யந்திரம் அந்தத் தோற்றத்தைப் போலி செய்யலாம். அவ்வேலையைச் செய்ய முடியாது.

நேயர்களே, பூவேலைத் துணியை வாங்கும்போது அதைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். பட்டையான தையலின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை அடிநூலும், இருபுறமும் மேல்நூலின் நிறமும் ஒழுங்காகத் தெரிந்தால், நூலின் இழுவிசை சரியாக இருந்தது என்று அறியலாம். நீங்களே தைக்கக் கொடுப்பதானால், அதே ரகத் துணியின் துண்டு ஒன்றையும் உடன் கொடுத்து, அதில் மாதிரி தைத்துக் காட்டச் சொல்லுங்கள்; அம்மாதிரிக்கும் பஞ்சிங் வேலைக்கும் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.