பிரிய மறுக்கும் பாத்திரங்கள்

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கிக் கவுன்டரில். பாத்திரத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு பாத்திரம் கழுவி அடுக்கும் பொறுப்பு என் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தகுதிதான்.

ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பாத்திரங்கள் பிரியாமல் சிக்கிக்கொள்வது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இடுக்கில் கத்தியை விட்டு நெம்பி, கையைக் கிழித்துக்கொண்டவர்கள் நம் பிளாக்கிலேயே உண்டு. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை, "அழுத்தி வைத்துவிட்டாய்" என்று திட்டுவதையும் கேட்டிருக்கிறேன். பாத்திரம் நசுங்கிப் போனால் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

அழுத்தி வைத்ததால் மட்டும் பாத்திரம் சிக்குவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 செ.மீ. அகலமுள்ள எவர்சில்வர் பாத்திரங்கள் இரண்டு. சூடு ஆறாமல், ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்றை வைக்கிறோம். நடுவில் மாட்டிய காற்று 60 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஆறுகிறது. விளிம்பை ஈரம் அடைத்திருப்பதால் வெளிக்காற்று உள்ளே போக வழியில்லை. நடுவில் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 9 சதவீதம் குறைகிறது. வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய ஒரு கிலோ கனத்தோடு அழுத்துகிறது. அந்தப் பாத்திரத்தின் அடிப்பரப்பு 314 சதுர செ.மீ. பெருக்கினால், இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பலம் கிட்டத்தட்ட 29 கிலோ! 25 கிலோ அரிசி மூட்டையை விடக் கூடுதல். மூட்டுவலி உள்ள கையால் இதை இழுத்துப் பிரிக்க முடியுமா? பிரிக்கவும் வேண்டாம்.

வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். இங்கே ஒரு சாவி வெந்நீர், இன்னொன்று ஐஸ் தண்ணீர்.

முதலில் உள் பாத்திரத்தில் ஐஸ் கட்டியும் தண்ணீரும் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். அது சுருங்கும். பிறகு அகலமான டப்பில் கீசர் வெந்நீர் பிடித்து, வெளிப் பாத்திரம் முக்கால் பாகம் முழுகும்படி வையுங்கள். அது விரியும். 40 டிகிரி வித்தியாசம் கிடைத்தால் 20 செ.மீ. எவர்சில்வர் பாத்திரம் 0.1 மி.மீ.க்குச் சற்று அதிகமாக விரியும். ஒரு தாளின் கனம்தான். அது போதும், காற்று உள்ளே நுழைந்துவிடும்.

ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். சூடு உள்ளே பரவிவிட்டால் இரண்டும் சேர்ந்து விரியும், பலன் போய்விடும். துணியால் பிடித்து, நேராக இழுக்காமல், ஜாடி மூடியைத் திருகுவது போலத் திருகுங்கள். வரவில்லையென்றால் இடுக்கில் சோப்புத் தண்ணீரோ தேங்காய் எண்ணெயோ சுற்றிலும் விட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி செய்யுங்கள். விளிம்பைச் சுற்றி மரக்கரண்டியால் மெதுவாகத் தட்டலாம்.

உள்ளே அலுமினியம், வெளியே எவர்சில்வர் என்றால் கவனம். ஒரே சூட்டில் அலுமினியம்தான் அதிகம் விரியும். அங்கே வெந்நீரைக் குறைத்து ஐஸையே நம்புங்கள்.

செய்யக்கூடாதவை மூன்று. ஒன்று, சிக்கிய பாத்திரத்தை அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள். நடுவில் இருக்கும் சொட்டுத் தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வழி இல்லாவிட்டால் உள் பாத்திரத்தைத் தூக்கி எறிந்துவிடும். இரண்டு, கத்தி, ஸ்குரூ டிரைவர் கொண்டு நெம்பாதீர்கள். வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் தரையில் அடிக்கச் சொல்வதும் வேண்டாம். மூன்று, கண்ணாடி டம்ளருக்கு ஐஸும் கொதிநீரும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள், விரிசல் விடும். அங்கே வெளி டம்ளரை வெதுவெதுப்பான நீரில் வைத்து, இடுக்கில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பொறுமையாகத் திருகுங்கள்.

சிக்காமல் இருக்க வழி இதைவிடச் சுலபம். சூடு ஆறட்டும், ஈரம் துடைக்கட்டும், நடுவில் ஒரு பழைய செய்தித்தாள் துண்டோ துணியோ இருக்கட்டும். ஒரே அளவுப் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்காமல் தனித்தனியாகக் கவிழ்த்து வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாத்திரங்கள் ஈரத்தோடு அடுக்கப்படுவது பெரும்பாலும் அவசரத்தால். வேலைக்கு வரும் அம்மாவுக்கு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய நேரம் அது. துடைக்க ஒரு துணியும், ஆற வைக்க ஒரு கூடையும், இன்னும் பத்து நிமிடமும் நாம் கொடுத்தால் இந்தச் சிக்கலே வராது. அப்படியும் சிக்கினால், அது காற்றும் தண்ணீரும் செய்த வேலை. அதற்கு ஒருவர் சம்பளத்தில் கை வைப்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.